கார்டு மேல பழி

பை மடியிலயே இருக்கட்டுமுங்க. மேல வெச்சுருங்கன்னு சொல்றீங்க, தெரியுது, உங்க முழங்கால்ல இடிக்குது. கொஞ்சம் பொறுத்துக்குங்க. பெருந்துறையில பாதிக் கூட்டம் எறங்கிரும், அப்ப நான் அந்தப் பக்கம் நகந்துக்கறேன். இது குலுங்கக் கூடாத சாமானுங்க. குலுங்குனாலும் இனி ஒண்ணுமில்லைன்னு அந்தக் கடைப் புள்ள சொல்லிருச்சு. இருந்தாலும் ஒன்றரை வருசப் பழக்கம், கை விட மாட்டேங்குது.

உள்ள என்னன்னு கேக்கறீங்களா? ஹார்ட் டிஸ்க்குங்க. ரெண்டு. கூட ஒரு கார்டு. கம்ப்யூட்டருக்குள்ள சொருகுற கார்டு. நீங்க கம்ப்யூட்டர் ஆளுங்களா? இல்லையா? நல்லதாப் போச்சு. கம்ப்யூட்டர் ஆளுன்னா நான் வாயவே தொறந்திருக்க மாட்டேன். எங்க வீட்ல மச்சினன் ஒருத்தன் கம்ப்யூட்டர் ஆளு. சம்பத்துன்னு பேரு. அவன் ஒருத்தனே எனக்கு ஏழு சென்மத்துக்குப் போதும்.

நான் மேட்டூருங்க. தெர்மல் பவர் ஸ்டேசன்ல முப்பத்தி நாலு வருசம், கன்ட்ரோல் ரூம்ல. ரிட்டயர்டாகி மூணு வருசம் ஆச்சு. எங்க பிளாண்ட்ல ஒரு பழக்கம் உண்டுங்க. பாய்லருக்குத் தண்ணி தள்ளுற பம்பு ஒண்ணு ஓடிட்டிருந்தா, பக்கத்துலயே இன்னொண்ணு சும்மா நிக்கும். ஸ்டாண்ட்பைம்போம். ஓடறது நின்னா அடுத்த நிமிசம் இது எடுத்துக்கும். ஆனா சும்மா நிக்கறதச் சும்மாவே விட்டுறக் கூடாது. அப்பப்ப ஓட்டிப் பாக்கோணும். இல்லாட்டி, அவசரம்னு அமுக்கற அன்னைக்குன்னு பாத்து மக்கர் பண்ணும். முப்பத்தி நாலு வருசத்துல எஞ் சிப்ட்டுல ஸ்டாண்ட்பை எடுக்காம மெசின் நின்னுச்சுன்னு ஒரு நாள் கெடையாதுங்க. நீங்க வேணா யாரையாவது கேட்டுப் பாருங்க.

சரி, விசயத்துக்கு வர்றேன். எங்க வீட்டம்மா பேரு வசந்தாமணி. முந்துன வருசம் ஐப்பசியில தொண்டை கட்டுனாப்பல இருக்குதுன்னு சொல்லிட்டிருந்தா. மழைக்காலம், யாருக்குத்தான் கட்டலைன்னு விட்டுட்டோம். விட்டதுதான் தப்பு. கோயமுத்தூர்ல கொண்டு போயிக் காட்டுனா, குரல்வளையில கட்டின்னுட்டாங்க. எடுத்தாகோணுமாம். ஒட்டுக்கா, மிச்சம் வெக்காம எடுத்தாகோணுமாம். டாக்டர் நல்ல மனுசன், ஒளிக்காமச் சொன்னாரு. உசுருக்கு நான் பொறுப்பு, ஆனா அதுக்கப்புறம் அம்மாவுக்குப் பேச்சு வராதுன்னாரு. மூணு வாரத்துல தேதி குடுத்துட்டாங்க.

வெளிய வர்றப்போ அங்கிருந்த நர்சம்மா எங்கையைப் புடிச்சுட்டுச் சொன்னாங்க, "சார், அம்மா குரலை ரெக்கார்டு பண்ணி வெச்சுக்குங்க. அப்புறம் தவியாத் தவிச்சாலும் கெடைக்காது."

வேற ஆளா இருந்தா ஒக்காந்து அழுதிருப்பான். நான் அழுவலைங்க. வேலைய ஆரம்பிச்சுட்டேன். அன்னைக்கே ஒரு ரெக்கார்டர் வாங்குனேன். பெங்களூர்ல இருந்து மக சுகந்தி வந்தா. வந்தவ அம்மாளும் மகளுமா ஒக்காந்து கம்ப்யூட்டர்ல மூணு ஃபோல்டர் போட்டாங்க. ஒண்ணு சுகந்திக்கு. ஒண்ணு பேத்தி இனியாவுக்கு. மூணாவது எனக்கு. வசந்தாமணி எம் பேரச் சொல்ல மாட்டாளுங்க, கல்யாணமானதுல இருந்தே. அதனால அதுக்கு 'அவருக்கு'ன்னு பேரு வெச்சிருந்தா. டெய்லி மத்தியானம் உள்ரூம்ல ஒக்காந்து பேசுவா, சாயந்திரம் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டு, ரெக்கார்டரக் காலி பண்ணிருவா. சுகந்தி ஊருக்குப் போறதுக்குள்ள எப்படி ஏத்தறதுன்னு அம்மாளுக்குச் சொல்லிக் குடுத்துட்டா. எம் பொண்டாட்டி நாலே நாள்ல கத்துக்கிட்டா. கெட்டிக்காரி.

இப்ப ரோசனை பண்ணுங்க. அந்தக் குரல் இனி உலகத்துல எங்கயும் கெடையாது. எங்க வீட்டுக் கம்ப்யூட்டர்ல ஒரே ஒரு தட்டுல, அதான் ஹார்ட் டிஸ்க்குல, இருக்குது. அந்தத் தட்டு ஒரு நாள் டொக்குன்னு நின்னா? எனக்குத் தூக்கமே போச்சு. அப்பத்தான் ரெய்டுன்னு ஒண்ணு இருக்கறது தெரிஞ்சுது. ரெய்டுன்னா போலீஸ் ரெய்டு இல்லைங்க. நீங்களும் சிரிக்கறீங்க பாருங்க, நானும் மொதல்ல அப்படித்தான் சிரிச்சேன். ரெண்டு தட்டு. எது எழுதுனாலும் ரெண்டுலயும் ஒரே நேரத்துல எழுதும். ஒண்ணு செத்தா இன்னொண்ணு அப்படியே நிக்கும். எங்க பம்பு கதையேதானுங்க! எனக்கு ஒரு உசுரு வந்தாப்பல இருந்துச்சு.

இங்கதான் மச்சினன் வந்து சேந்தான். ரெய்டுல ரெண்டு வகை. ஒண்ணு, தனியா ஒரு கார்டு வாங்கிச் சொருகுனா, அந்தக் கார்டே ரெண்டு தட்டையும் பாத்துக்கும். அது ஹார்டுவேர் ரெய்டு. இன்னொண்ணு, கார்டெல்லாம் கெடையாது, கம்ப்யூட்டருக்குள்ள ஓடற சாஃப்ட்வேரே அந்த வேலையையும் சேத்துப் பாத்துக்கும். அது சாஃப்ட்வேர் ரெய்டு. நான் கார்டுன்னேன். அவன் சாஃப்ட்வேர்னான். ஆரம்பிச்சுது அக்கப்போரு.

"மாமா, வீட்டுக் கம்ப்யூட்டருக்கு எதுக்குங் மாமா தனிக் கார்டு? நாளைக்குக் கார்டு போயிருச்சுன்னா, அதே மாதிரிக் கார்டு தேடி ஊரெல்லாம் அலையோணும். சாஃப்ட்வேர்னா தட்டக் கழட்டி வேற கம்ப்யூட்டர்ல மாட்டுனாலும் படிச்சுக்கும்" அப்படீங்கறான்.

"ஏண்டா மாப்ளே, வேலை செய்யறவனும் அவனே, காவக்காரனும் அவனேவா? கம்ப்யூட்டரே தொங்கிப் போச்சுன்னா காவலு எங்கடா இருக்கும்? கையில தொட்டுப் பாக்க முடியாததை எல்லாம் என்னால நம்ப முடியாது" அப்படீங்கறேன் நான்.

மூணு வாரமுங்க. சனிக்கெழமையானா அக்காளைப் பாக்கறேன்னு வந்துருவான், வந்தா முன்ரூம்ல எங்க ரெண்டு பேருக்கும் இதே பேச்சு. மத்த நாளெல்லாம் போன்ல. ராத்திரியெல்லாம் நான் படிப்பேன், எந்தக் கார்டு நல்லது, எது சூடாகும், எது எத்தனை வருசம் வரும். எழுதி எழுதி ஒரு குயர் நோட்டே தீந்துச்சு. உள்ரூம்ல அவ பேசிட்டிருப்பா. பாதியில நிறுத்திட்டுக் கூப்புடுவா, "ஏனுங்க, செத்த இங்க வந்து ஒக்காருங்க. செவுத்தப் பாத்துட்டுப் பேச வரமாட்டேங்குது."

நான் போகலைங்க. போனா எம் மூச்சுச் சத்தம், நான் இருமறது, நாற்காலி கிறீச்சுங்கறது, எல்லாம் அதுல விழும். சுத்தமா விழோணுமில்ல? "நீ பேசு சாமி, நான் அப்புறமேட்டுக் கேட்டுக்கறேன், அது எங்க ஓடிப் போகப் போவுது"ன்னு சொல்லிட்டு, கதவையும் சாத்தி உட்டேன். சத்தம் உள்ள போகக் கூடாதுன்னுதான் சாத்துனேன்.

கடைசியில கார்டுதான் வாங்குனேன். சம்பத்து மூஞ்சியத் தூக்கிட்டுப் போனான். போறப்போ ஒண்ணு சொன்னான், அது மட்டும் இப்ப வரைக்கும் காதுல இருக்குது. "என்னமோ பண்ணுங்க மாமா. ஆனா ரெய்டுங்கறது தனியா எடுத்து வெச்ச காப்பி ஆகாதுங்க. ஒரு பென் டிரைவுல எல்லாத்தையும் போட்டு எங்கிட்டக் குடுத்து வைங்க." எனக்குச் சுர்ருன்னு வந்துச்சு. அவ புருசங்கிட்டப் பேசறதை இவன் சட்டைப்பையில போட்டுட்டுத் திரிவானாமா? சுகந்தி அவளோடதை மட்டும் போன்ல ஏத்திட்டுப் போயிருந்தா, போகட்டும், அவ மக. என்னோடது எங்கயும் போகக் கூடாதுன்னுட்டேன். நீங்களே சொல்லுங்க, நாஞ் சொன்னதுல என்ன தப்பு?

ஆப்பரேசன் நல்லபடியா முடிஞ்சுது. டாக்டர் சொன்ன சொல்லுக் காப்பாத்துனாரு. இப்ப கழுத்துல ஒரு ஓட்டை, அது வழியாத்தான் மூச்சு. மெல்லுசுத் துணி ஒண்ணு கட்டிக்குவா. சொல்லோணும்னா நோட்டுல எழுதிக் காட்டுவா. தொண்டையில வெச்சுப் பேசற மிசினு ஒண்ணும் வாங்கிக் குடுத்தோம். ஒரே நாள் வெச்சுப் பேசிப் பாத்தா. இரும்புக்குள்ள இருந்து யாரோ பேசறாப்பல இருந்துச்சு. இனியா பயந்து அழுதுட்டா. அதோட அதைப் பீரோவுல வெச்சுப் பூட்டிட்டா, சாவி எங்கன்னு நான் கேக்கலை.

நான் எஞ் சோலிய விடலைங்க. வாரா வாரம் ஞாயித்துக்கெழமை காலையில பத்து மணிக்கு ஓட்டிப் பாத்துருவேன். ஒரு தட்டைக் கழட்டுவேன். இன்னொண்ணு நிக்குதான்னு பாப்பேன். மறுபடி சொருகுனா, அந்தக் கார்டு இதுல இருந்து அதுக்கு எல்லாத்தையும் திரும்ப எழுதும். ஏழெட்டு மணி நேரம் ஓடும். அப்புறம் சினிமாப் படமா அள்ளி ஏத்துவேன், நாப்பது அம்பது படம், தட்டு ரொம்பற வரைக்கும். பாரம் ஏத்துனாத்தானே தாங்குதான்னு தெரியும்? ஏத்தி, அழிச்சு, அடுத்த வாரம் மறுபடி ஏத்தறது. ஒரு வாரம் தப்புனதில்லை. அவ பக்கத்துல நாற்காலியப் போட்டு, கைய மடியில வெச்சுட்டுப் பாத்துட்டே இருப்பா. அவளுக்கும் சந்தோசமாத்தான் இருக்கும்னு நெனைச்சேன். அவ குரலுக்குத்தானே இத்தனை பாடு?

என்னங்க? கேட்டனான்னா? எல்லாரும் இதையேதான் கேக்கறாங்க. கடைக்காரப் புள்ளையும் இதைத்தான் மொதல்ல கேட்டுச்சு.

கேக்கலைங்க.

பத்திரமா இருக்கறதை எப்ப வேணாலும் கேக்கலாமில்லீங்களா? அவசரமென்ன? அதுவுமில்லாம... சரி, உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, நீங்க பவானியில எறங்கிப் போயிருவீங்க. பயமா இருந்துச்சுங்க. நெம்பப் பயமா இருந்துச்சு. அவ பக்கத்துல ஊமையா ஒக்காந்திருக்கறப்போ அந்தப் பொட்டியில இருந்து அவ பேசுனா நான் எந்தப் பக்கம் பாக்கறது? கார்டு, தட்டுன்னா எனக்குத் தெரியும். எதைத் திருகுனா எது ஓடும்னு தெரியும். இது தெரியலை.

போன ஆவணி இருபத்தி மூணு. எங்க கல்யாண நாளுங்க, முப்பத்தஞ்சு வருசம். ஞாயித்துக்கெழமையா வந்துருச்சு. காலையில நான் தட்டைக் கழட்டிச் சொருகி ஓட்ட ஆரம்பிச்சுட்டேன். அவ தலைக்குத் தண்ணி ஊத்தி, அரக்குக் கலர்ல புதுச் சீலை கட்டிட்டு வந்தா. கம்ப்யூட்டர் மேசை மேல ஹெட்போன எடுத்து வெச்சா. நோட்டுல எழுதிக் காட்டுனா, "இன்னைக்குக் கேளுங்க." நான் ஓடிட்டிருக்குது, இப்பத் தொடக் கூடாது, சாயந்திரம் ஆறு மணி ஆகும்னேன். அடியில இன்னொரு வரி எழுதுனா, "நானும் பக்கத்துல ஒக்காந்து கேக்கறேன்." நாளைக்குக் கேப்போம் சாமின்னு சொன்னேன். அன்னைக்குப் பாத்துக் கார்டு வேற கொதிக்குதுங்க, கை வைக்க முடியலை. ஒரு சின்ன ஃபேன் வெச்சாத்தான் ஆகும். ஞாயித்துக்கெழமை தொறந்திருக்கற கடை சேலத்துலதான். ஓடுனேன்.

திரும்பி வர்றப்போ ஆறு மணி. அவ செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தா. சீலையும் மாத்திட்டா. காப்பி வைக்கலை. அலுப்பா இருக்கும்னு நானே வெச்சுக் குடிச்சுட்டு, ஃபேன மாட்டுனேன். ஃபேன் நல்ல ஃபேனுங்க. கார்டு அதுக்கப்புறம் சூடாகவே இல்லை.

நல்ல நாளும் அதுவுமா ஒருத்தி கேட்டதைச் செய்யலைன்னு நீங்க நெனைக்கறது தெரியுது. நெனைங்க. நான் அவளுக்காகத்தான் சேலம் போனேன். சினிமாவுக்கா போனேன்?

அப்புறம் தை மாசம். காங்கேயத்துல அவ தங்கச்சி வீட்டு விசேசம், அவ மட்டும் ரெண்டு நாள் போயிருந்தா. வீடு கம்முன்னு இருந்துச்சு. அவ இருந்தாலும் சத்தமில்லைதான், ஆனா இது வேற மாதிரி. என்னமோ தோணுச்சு, இன்னைக்குக் கேப்போம்னு ஒக்காந்தேன். ஹெட்போன மாட்டிக்கிட்டேன். தொறந்தேன்.

'அவருக்கு'ங்கற ஃபோல்டர் காலி.

சுகந்தியோடது இருக்குது. இனியாவோடது இருக்குது. என்னோடது மட்டும் தொடச்சு வெச்சாப்பல இருந்துச்சு.

கத்திட்டேன். பக்கத்து வீட்டுக்காரரு ஓடி வந்துட்டாரு. ரெண்டு தட்டையும் மாத்தி மாத்திப் பாத்தேன், ரெண்டுலயும் காலி. மீட்டுத் தர்ற சாஃப்ட்வேர்னு நெட்டுல கெடைச்சதை எல்லாம் எறக்கி, அதே தட்டுல போட்டு ஓட்டுனேன். அதுவும் தப்பாம், அந்தப் புள்ள சொல்லுச்சு. யாருக்குத் தெரியும்? சம்பத்துக்குப் போனப் போட்டேன். மனசு கேக்காம அன்னைக்கே வந்தான். ஒரு மணி நேரம் பாத்தான். பாத்துட்டு மெதுவாச் சொன்னான், "மாமா, இது கார்டு பண்ற வேலையில்லீங்க. கார்டு போச்சுன்னா மூணும் போயிருக்கோணும். ஒண்ணு மட்டும் போகாது."

அப்ப நான் பண்ணுனேனா? எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். நீ சொன்ன சாஃப்ட்வேரை நான் போடலைன்னுதானே குத்திக் காட்டறே, எங்கூட்டுப் படியேறாதேன்னு சொல்லிட்டேன். பொண்டாட்டி பொறந்தூட்டு ஆளு, அப்படிச் சொல்லலாமா? சொல்லிட்டேன். அவன் செருப்ப மாட்டிட்டுப் போயிட்டான். கார்டுலதான் கோளாறுன்னு ஒரு பக்கம் எனக்கே சந்தேகம், அதை அவன் வாயால கேக்கக் கூடாதுன்னு ஒரு பக்கம் வீம்பு. அவனோ கார்டு இல்லைங்கறான். எதுக்குக் கோவப்பட்டேன்னு எனக்கே இன்னும் வெளங்கலைங்க.

வசந்தாமணி ஊர்ல இருந்து வந்ததும் சொன்னேன். உன்னோட பேச்சு பூரா போச்சு சாமி, எனக்குன்னு பேசுனது ஒட்டுக்காப் போச்சுன்னு தலையில அடிச்சுக்கிட்டேன். அவ என்னையவே பாத்துட்டு நின்னா. நோட்டெடுத்து "விடுங்க"ன்னு ஒரே வார்த்தை எழுதுனா. கோயமுத்தூர்ல இதுக்குன்னு கடை இருக்குது, கொண்டு போறேன்னேன். "போக வேண்டாம்"னு எழுதி, அதுக்கடியில ரெண்டு தரம் கோடு போட்டா. எனக்கு அலைச்சலாச்சேன்னு பாக்கறா, எந்த நெலமையிலயும் என்னைப் பத்தித்தான் நெனைப்புன்னு, நான் அங்கயே கண்ணத் தொடச்சுக்கிட்டேன்.

இது எந்த ஊருங்க? பெருந்துறையா? அதுக்குள்ளயா? இருங்க, நகந்துக்கறேன்.

ஆங், கடை. ஃபர்சானான்னு ஒரு புள்ள. இருபத்தஞ்சு வயசிருக்கும். ரெண்டு வாரம் முந்தி கொண்டு போய்க் குடுத்துட்டு வந்தேன். இன்னைக்கு மத்தியானம் வரச் சொல்லியிருந்துச்சு. போனேன். ஒக்கார வெச்சு, தண்ணி குடுத்துச்சு. தண்ணி குடுக்கறப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு.

"சார், கார்டு நல்லா இருக்கு. ரெண்டு டிஸ்க்கும் நல்லா இருக்கு. உங்க ரெய்டு கரெக்டா வேலை செஞ்சிருக்கு சார். ஒண்ணுல அழிச்சதை இன்னொண்ணுலயும் அதே செகண்டு அழிச்சிருக்கு."

யாரு அழிச்சதுன்னேன். அது தலையக் குனிஞ்சுக்கிட்டே சொல்லுது, கையாலதான் சார் அழிச்சிருக்காங்க, கம்ப்யூட்டர்ல இருக்கற குப்பைத் தொட்டிக்குள்ள போயி அங்கயும் அழிச்சிருக்காங்க, தெரியாம நடந்ததில்லை. வைரஸா இருக்கும்னேன். இல்லீங்க சார்னுச்சு. தேதி வேணுமான்னு கேட்டுச்சு. வேண்டாம்னு சொல்லியிருக்கோணும். சொல்லுன்னுட்டேன்.

செப்டம்பர் எட்டு. மத்தியானம் ரெண்டே முக்கால்.

எனக்கு எடுத்ததுமே வெளங்கலைங்க. செப்டம்பர்னா ஆவணியா பொரட்டாசியான்னு வெரல் விட்டு எண்ணிட்டிருக்கேன். அந்தப் புள்ளையே கேக்குது, அந்த நேரத்துல வீட்ல யாரு சார் இருந்தாங்க? அன்னைக்குத்தான் எங்க கல்யாண நாளு, நான் சேலத்துல இருந்தேன். ஃபேன் கடையில. வேற யாரும்மா இருப்பாங்கன்னு சொல்ல வந்தவன், பாதியில நிறுத்திட்டேன்.

அது இன்னும் ஒண்ணு சொல்லுச்சு. சொல்லாம விட்டிருக்கலாம். கம்ப்யூட்டர்ல எதை எப்பத் தொறந்தாங்கன்னு எழுதி இருக்குமாம். "அழிக்கறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் ஒவ்வொண்ணாத் தொறந்து கேட்டிருக்காங்க சார். பதினொரு மணிக்கு ஆரம்பிச்சு. ஒண்ணு விடாம."

மூணே முக்கால் மணி நேரமுங்க. புதுச் சீலை கட்டிட்டு, ஹெட்போன மாட்டிட்டு, அவ பேசுனதை அவளே ஒக்காந்து கேட்டிருக்கா. நான் கேக்கலைன்னு. எனக்குப் பதிலா.

எடுக்க முடியுமா, பாதியாவது எடுக்க முடியுமா, கால்ல வேணா விழறேன்னேன். அந்தப் புள்ளைக்கு அழுகையே வந்துருச்சு. அழிச்ச ஒடனே கொண்டு வந்திருந்தா எடுத்திருக்கலாமாம். அதுக்கப்புறம் அதே எடத்து மேல எதையோ திரும்பத் திரும்ப எழுதி இருக்குதாம், தட்டு ரொம்ப ரொம்ப. என்ன சார் எழுதுனீங்கன்னு கேக்குது. சினிமாப் படம்னேன். வாரா வாரம், தாங்குதான்னு பாக்கறதுக்கு.

பேரு மட்டும் இருக்குதுங்க. ஒவ்வொண்ணும் என்னைக்குப் பேசுனது, எத்தனை நிமிசம்னு ஒரு பட்டியல். அச்செடுத்துக் குடுத்துச்சு, பையில இருக்குது. பதினாலு. மொத ரெண்டு, மூணு நிமிசம், நாலு நிமிசம். பேச வரமாட்டேங்குதுன்னாளே, அந்த நாளாயிருக்கும். அப்புறம் நீளமாகிட்டே போகுது. கடைசி அம்பத்திரண்டு நிமிசம். ஆப்பரேசனுக்குப் போறதுக்கு முந்துன நாள் மத்தியானம். அவளுக்குன்னு இருந்த கடைசிப் பேச்சுங்க அது. அன்னைக்குச் சனிக்கெழமை. நானும் சம்பத்தும் முன்ரூம்ல கத்திட்டிருந்தோம், கார்டா சாஃப்ட்வேரான்னு. அம்பத்திரண்டு நிமிசமும் நடுவுல ஒரே ஒரு கதவு.

அந்த அம்பத்திரண்டுல அவ என்ன சொல்லியிருப்பா? திட்டியிருந்தாக்கூடப் பரவால்லைங்க. பாவி, நீயெல்லாம் ஒரு மனுசனான்னு கேட்டிருந்தாக்கூடப் பரவால்லை.

மத்த ரெண்டுலயும் அவ குரல் இருக்குதேங்கறீங்களா? இருக்குது. தையிலயே போன்ல ஏத்திக்கிட்டு, டெய்லி அதைத்தான் கேக்கறேன். புளிக்கொழம்புக்கு எப்பப் பெருங்காயம் போடோணும்னு சொல்றா. இனியாவுக்கு நரிக்கதை சொல்றா, நரியாட்டம் ஊளை கூட விடறா. நல்லாத்தான் இருக்குது. எனக்கில்லைங்க அது. அடுத்தவங்க வீட்டுப் பேச்சை ஒட்டுக் கேக்கறாப்பல இருக்குது.

ஏனுங்க, நேரா அவகிட்டயே கேட்டுரலாமேங்கறீங்க. கேக்கலாம். என்ன பேசுனே, எழுதிக் குடுன்னு கேக்கலாம். அம்பத்திரண்டு நிமிசத்தை எழுதறதுன்னா எத்தனை நோட்டு ஆகும்? ஏன் அழிச்சேன்னு கேக்கலாமா? அதுக்கு அவ ஒரே வரியில பதில் எழுதிருவா. அந்த வரி என்னன்னு எனக்குத் தெரியுமுங்க. அதைப் படிக்கறதுக்கு எனக்குத் தைரியமில்லை.

காந்திபுரத்துல பஸ் ஏறறதுக்கு முந்தி சம்பத்துக்குப் போன் போட்டேன். ரெண்டு மாசமாப் பேச்சு வார்த்தை இல்லை, எடுப்பானோ மாட்டானோன்னு இருந்துச்சு. எடுத்துட்டான். மாப்ளே, கடையில சொல்லிட்டாங்க, கார்டுதான் கோளாறு, கார்டுதான் தின்னுருச்சு, நீ சொன்னாப்பல சாஃப்ட்வேர் ரெய்டே போட்டிருக்கோணும், உம் பேச்சக் கேக்காததுதான் தப்புன்னேன். என் ஆயுசுல அவங்கிட்ட நான் தோத்ததில்லைங்க. அவன்தானே கார்டு இல்லைன்னு அன்னைக்கே கண்டுபுடிச்சவன்? அப்பவே அவனுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கும். ஆனாலும் சொன்னான், "ஆமாங் மாமா. கார்டுதான் போயிருக்கும். அக்காகிட்டயும் அப்படியே சொல்லிருங்க."

சொல்லத்தான் போறேன். கார்டு கெட்டுப் போச்சு சாமி, உந் தம்பி சொன்னதுதான் சரி, நாந்தான் தப்பான கார்ட வாங்கிட்டேன்னு சொல்லப் போறேன். அவ தலையாட்டுவா. நானும் தலையாட்டுவேன். ரெண்டு பேருக்கும் தெரியும். ரெண்டு பேரும் அந்தக் கார்டு மேலயே பழியப் போட்டுட்டு மிச்ச நாளை ஓட்டிருவோம்.

இந்தாங்க, பவானி வந்துருச்சு, பாத்து எறங்குங்க. செருப்பு சீட்டுக்கடியில கெடக்குது பாருங்க. எனக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல இருக்குது. அந்தக் கார்டு எப்படிக் கெட்டுப் போச்சு, எந்த எடத்துல கெட்டுப் போச்சுன்னு அவ நம்பற மாதிரி கோர்வையா ஒண்ணு தயார் பண்ணி வெச்சுக்கோணும். அவ கேக்க மாட்டா. கேக்கவே மாட்டாளுங்க.